சர்க்கரை உள்ள மாமனார், வீடு நிறைய மாம்பழம்: எப்படிக் கொடுப்பது?

ஜெகதேவி மருமகள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் கிருஷ்ணகிரி டவுனில் இருக்கிறோம். மாமனாருடைய மாந்தோப்பு ஜெகதேவி பக்கம். தோப்பில் முக்கால்வாசி பெங்களூரா (கிளிமூக்கு) ரகம். அது காயாகவே கூழ் ஆலைக்குப் போய்விடும். வீட்டுக்கென்று வேலியோரமாகச் செந்தூரா, பங்கனபள்ளி, நீலம், ஒரே ஒரு மல்கோவா என்று மாமா வைத்திருக்கிறார். மே மாதம் பிறந்தால் கூடை கூடையாக வந்து இறங்கும். இப்போது கட்டிலுக்கு அடியில் வைக்கோல் பரப்பி அடுக்கியிருக்கிறோம். வாசற்படி ஏறும்போதே வாசனை தூக்குகிறது.

மாமாவுக்கு வயது அறுபத்தெட்டு. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை எடுக்கிறார். கடைசியாகப் பார்த்த மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (எச்பிஏ1சி) 7.6. டாக்டர் "இனிப்பைக் குறைங்க" என்றுதான் சொன்னார். அத்தை அதை "மாம்பழத்தைத் தொடவே கூடாது" என்று எடுத்துக்கொண்டு, வெட்டும்போது மாமா பக்கம் தட்டே போவதில்லை. பேரன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவரே நட்டு, குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்த மரங்கள். எனக்கு மனசு கேட்கவில்லை.

ஆனால் தோப்புக்குப் போன நாளில் மதியச் சாப்பாடு வேண்டாம் என்கிறார். மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு படுத்துவிடுகிறார். ஒருநாள் நான் போனபோது மோட்டார் ரூமுக்குப் பின்னால் நன்றாகச் சப்பிப் போட்ட கொட்டைகள் கிடந்தன. அத்தையிடம் சொல்லவில்லை.

இன்னும் இரண்டு பேர் விஷயமும் இருக்கிறது. என் பையனுக்கு ஏழு வயது. இந்த சீசன் ஆரம்பித்ததிலிருந்து வாயைச் சுற்றித் தடிப்பு, கழுத்தில் ஒரு வேனல் கட்டி. "மாம்பழச் சூடு" என்கிறார் அத்தை. நாத்தனார் ஐந்து மாதம் முழுகாமல் இருக்கிறாள். ரத்தம் (ஹீமோகுளோபின்) 9.8தான் இருக்கிறது. அவளுக்கும் மாம்பழம் கூடாது, சூடு என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள்.

வீடு நிறையப் பழம் இருந்தும் ஆளாளுக்குத் தடை. யார் எவ்வளவு சாப்பிடலாம், எப்படிச் சாப்பிட்டால் நல்லது, மீதியை என்ன செய்வது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மத்தூர் நண்பன் எழுதியது:

கொடுக்கவே கொடுக்காதீங்க சகோதரி. எங்க அப்பாவுக்கு மாம்பழ சீசன்ல சர்க்கரை 300ஐத் தாண்டிப் போய் ரொம்ப சிரமப்பட்டோம். பெரியவங்க ஆசைப்படுவாங்க, நாமதான் கண்டிப்பா இருக்கணும். அதுக்குப் பதிலா மாவிலைக் கொழுந்தைக் காய்ச்சிக் காலையில வெறும் வயித்துல கொடுங்க, சர்க்கரை இறங்கும்னு எங்க ஊர்ல சொல்றாங்க.

காரிமங்கலம் அக்கா எழுதியது:

தங்கச்சி, முதல்ல அந்த மோட்டார் ரூம் விஷயத்தைப் பேசிடுவோம். எனக்கு அதுதான் பெருசாத் தெரியுது.

நான் தருமபுரி மாவட்டத்துல கிராம சுகாதார செவிலியரா இருந்து ஓய்வு பெற்றவ. மாங்காய் விளையுற ஊருங்களுக்குத்தான் கடைசி வரைக்கும் வேலை பார்த்தேன். ஜூன் மாசம் சர்க்கரை எகிறிப்போய் வர்றவங்ககிட்ட கேட்டா, முக்கால்வாசிப் பேர் வீட்டுல மாம்பழத்துக்குத் தடைன்னு சொல்வாங்க. தட்டுல வச்சுக் கொடுத்தா ஒரு துண்டோட எழுந்திருக்கிறவர், ஒளிச்சு வச்சா நாலு பழம் சாப்பிடுவார். உங்க அத்தையை நான் குறை சொல்லலை. அவங்க பயம் நியாயமான பயம். ஆனா அந்தத் தடையால மாமாவோட சர்க்கரை குறையலை, எவ்வளவு சாப்பிடுறார்ங்கற கணக்கு மட்டும்தான் உங்க கையை விட்டுப் போயிருக்கு.

அதைவிட எனக்குப் பயமா இருக்கிறது, பழத்தை வயிறு முட்டச் சாப்பிட்டுட்டுச் சோத்தை விட்டுட்டு மாத்திரையை மட்டும் போடுறது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரைகள் இருக்கே, அதுங்க சாப்பாடு இருந்தாலும் இல்லாட்டியும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். பழத்தோட சர்க்கரை சீக்கிரம் ஏறிச் சீக்கிரம் இறங்கிடும். சாயங்காலம் பார்த்தா வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், தோப்புல தனியா இருந்தா மயங்கி விழுந்தாக்கூட யாருக்கும் தெரியாது. அவர் மாத்திரை அட்டையை எடுத்துப் பேரைப் பாருங்க. இந்த வகைன்னா சாப்பாட்டைத் தவிர்க்கக்கூடாதுன்னு அவருக்கே உட்கார வச்சுச் சொல்லுங்க.

இப்ப கணக்கு. மாம்பழச் சதை 100 கிராம்ல 60 கலோரி, 15 கிராம் மாவுச்சத்து. அதுல ஏறக்குறைய 14 கிராம் சர்க்கரையாவே இருக்கும். நார்ச்சத்து ஒன்றரை கிராம்தான். நடுத்தரமான ஒரு பங்கனபள்ளி 350 கிராம் இருக்குதுன்னு வைங்க. தோலும் கொட்டையும் போக 230 கிராம் சதை தேறும். அப்ப முழுப் பழத்துல 35 கிராம் மாவுச்சத்து. டீக்கரண்டியில சொன்னா எட்டுக் கரண்டி சர்க்கரை.

இதை மட்டும் பார்த்துத்தான் எல்லாரும் மாம்பழத்தைத் திட்டுறாங்க. மத்தியானம் தட்டுல என்ன இருந்ததுன்னு யாரும் பார்க்கிறதில்லை. நம்ம பக்கம் களி. கேழ்வரகு சர்க்கரைக்கு நல்லதுன்னு கேட்டுட்டு ரெண்டு உருண்டை போட்டுக்கிற வீடு எத்தனையோ. 100 கிராம் கேழ்வரகு மாவுல 70 கிராம் பக்கம் மாவுச்சத்து இருக்கு. பெரிய ஆள் சாப்பிடுற ஒரு உருண்டைக்கே அந்த மாவு போகும். நைசா அரைச்ச மாவுல கிண்டின களி சீக்கிரமாவே செரிச்சு ரத்தத்துல ஏறவும் செய்யும். கேழ்வரகுல சுண்ணாம்புச்சத்து 340 மில்லிகிராமுக்கு மேல, நல்ல சாப்பாடுதான், சாப்பிட வேண்டியதுதான். ஆனா களியை முழுசாச் சாப்பிட்டு, அதுக்கு மேல ஒரு முழு மாம்பழமும் வெட்டிச் சாப்பிட்டா நூறு கிராம் மாவுச்சத்து ஒரே வேளையில உள்ள போகுது. 300 வர்றது அங்கதான். மத்தூர் தம்பி, உங்க அப்பாவுக்கும் அப்படி நடந்திருக்கலாம், யோசிச்சுப் பாருங்க.

அதனால சாப்பாட்டுக்கு மேல பழம் வேண்டாம். காலை 11 மணி, இல்லைன்னா சாயங்காலம் 4 மணி, ரெண்டுல ஒரு வேளை. மாமாவுக்கு ஒரு பக்கத்துக் கதுப்பு. நடுத்தரப் பங்கனபள்ளியில அது 100 கிராம் பக்கம் வரும். கூட ஒரு பிடி வேகவச்ச வேர்க்கடலை கொடுங்க, உப்பு போடாம. கடலையில இருக்கிற புரதமும் கொழுப்பும் பழச் சர்க்கரை ஏறுற வேகத்தை மட்டுப்படுத்தும். மாம்பழத்துல இருக்கிற பீட்டா கரோட்டின்தான் உடம்புக்குள்ள வைட்டமின் ஏ ஆகுது. அது உடம்புல சேரவும் கொஞ்சம் கொழுப்பு வேணும், அதையும் கடலை கொடுத்துடும். சாப்பிட்டதும் தெருக்கோடி வரைக்கும் ஒரு நடை நடக்கச் சொல்லுங்க. அன்னைக்கு மத்தியானம் களியிலயோ சோத்துலயோ கால்வாசியைக் குறைச்சுடுங்க.

என் பேச்சை நம்பணும்னு இல்லை, மிஷினை நம்புங்க. பழம் சாப்பிடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை, ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒரு தடவை விரல்ல குத்திப் பாருங்க. ரெண்டு மணி நேர அளவு 180க்குள்ள இருந்தா அந்த அளவு அவர் உடம்புக்குத் தாங்குது. தாண்டினா பாதியாக் குறைச்சு மறுபடி பாருங்க. காலையில வெறும் வயித்துச் சர்க்கரையே 130க்கு மேல இருக்கிற நாள்ல பழம் வேண்டாம். இதை அத்தை கையாலயே குத்தி, அத்தையே நோட்டுல எழுதட்டும். அவங்க கண்ணால பார்த்தாத்தான் பயம் தெளியும்.

ஜூஸ், மில்க் ஷேக் வேண்டவே வேண்டாம். ஒரு டம்ளருக்கு ரெண்டு பழம் போகும், சர்க்கரையும் போடுவாங்க, மென்னு சாப்பிடுற வேலையும் இல்லை, மளமளன்னு இறங்கிடும்.

சிறுநீரகத்துல கோளாறு இருந்தா மட்டும் கணக்கு வேற. மாம்பழத்துல 100 கிராமுக்கு 168 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கு. சாதாரண ஆளுக்கு, பிரஷர் இருக்கிறவங்களுக்கு அது நல்லதுதான். ஆனா கிரியேட்டினின் ஏறி இருக்கிறவங்க டாக்டரைக் கேட்காம சாப்பிடக்கூடாது. ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் போடுறவங்களும் அப்படியே. மாவிலைக் கஷாயத்தை நம்பி மாத்திரையை நிறுத்தினவங்களை ஆம்புலன்ஸ்ல ஏத்தி அனுப்பியிருக்கேன். தம்பி கோவிச்சுக்க வேண்டாம், அதை யாருக்கும் சொல்லாதீங்க.

பையன் வாயைச் சுத்தி வர்ற தடிப்பு சூட்டால இல்லை. அது மாம்பால். காம்புல இருந்து வடியுற பால் தோல்ல ஒட்டியிருக்கும். குழந்தைங்க தோலோட கடிச்சுச் சப்பும்போது உதட்டோரம், கன்னம், தாடை எல்லாம் படும். உடனே தெரியாது. ஒருநாள் ரெண்டுநாள் கழிச்சுச் செவந்து தடிக்கும், அரிக்கும். நல்லாக் கழுவி, தோல் சீவி, துண்டு போட்டுக் கிண்ணத்துல கொடுங்க. சாப்பிட்டதும் வாயைச் சோப்புப் போட்டுக் கழுவணும். கழுத்துக் கட்டி வேற. வேர்வை, அழுக்கு, சொறிஞ்ச நகம், அதுல கிருமி சேர்ந்து வர்றது. மாம்பழம் வர்ற மாசமும் கோடையும் ஒண்ணா இருக்கிறதால பழி பழத்து மேல விழுது. ரெண்டு வேளை குளிப்பாட்டுங்க, கட்டியைக் கிள்ள விடாதீங்க, காய்ச்சல் வந்தா ஆஸ்பத்திரியில காட்டுங்க. ஏழு வயசுப் பையன் ஒரு நாளைக்கு ஒரு பழம் தாராளமாச் சாப்பிடட்டும். சோத்துக்குப் பதிலாப் பழமாவே சாப்பிட்டாத்தான் வயித்தால போகும்.

நாங்க 9 மாசக் குழந்தையில இருந்து 5 வயசு வரைக்கும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வைட்டமின் ஏ திரவம் ஊத்துவோம். கண்ணுக்கும் நோய் எதிர்ப்புக்கும் அது அவ்வளவு முக்கியம். அந்தச் சத்து மஞ்சளாக் கட்டிலுக்கு அடியில அடுக்கி இருக்கு உங்க வீட்டுல. சூடுன்னு சொல்லிக் குழந்தைக்கு அதை மறுக்காதீங்க.

நாத்தனாருக்கு வர்றேன். அவங்களுக்கு மாம்பழம் வேணும். 100 கிராம்ல வைட்டமின் சி 36 மில்லிகிராம், ஃபோலேட் 43 மைக்ரோகிராம். ரத்தம் 9.8ன்னா கட்டாயம் ஏத்தணும். கர்ப்பிணிக்கு 11ஆவது இருக்கணும். இரும்புச்சத்து மாத்திரையை டீயோட போடாம, பழம் சாப்பிடுற நேரத்துல போடச் சொல்லுங்க. வைட்டமின் சி இரும்பை உடம்புல சேர்க்கும், டீ அதைத் தடுக்கும். சுண்ணாம்புச்சத்து மாத்திரையை அதோட சேர்க்காம ரெண்டு மணி நேரமாவது தள்ளிப் போடணும். ஆனா ஒண்ணு, 75 கிராம் குளுக்கோஸ் கரைச்சுக் குடிக்க வச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுப்பாங்களே, அந்த டெஸ்ட் ஆயிடுச்சான்னு பாருங்க. அதுல 140 இல்லை அதுக்கு மேலன்னா அவங்களுக்கும் மாமாவோட அளவுதான்.

சந்தூர் ஒட்டுக்கன்னு எழுதியது:

நர்ஸ் அக்கா மாம்பாலைப் பத்திச் சொன்னதுக்கு மேல ஒரு விஷயம் சேர்க்கிறேங்க. நாங்க தலைமுறையா ஒட்டுக் கட்டுறவங்க, எங்க ஊருக்கே அதுதான் பொழப்பு. வருஷம் பூரா பாலோட பழகுறோம், இன்னும் சில பேருக்குக் கை வெந்து போகும். முந்திரி, சேராங்கொட்டை எல்லாம் மாமரத்தோட ஒரே குடும்பம். சேராங்கொட்டை பட்டா என்ன ஆகும்னு ஊர்ல தெரியாதவங்க இல்லைங்களே.

பாலை மரத்தடியிலயே கழிச்சுடணும். காயைக் கொக்கியில வலை கட்டி, நாலு விரக்கடை காம்பு விட்டுப் பறிக்கச் சொல்லுங்க மாமாவை. கிளையை உலுக்கி விழ வைக்கக் கூடாது. அடிபட்ட இடம் வெளிய தெரியாம உள்ளுக்குள்ள கருத்துப் போகும். பறிச்சதும் காம்பைக் கிள்ளிக் காம்புப் பக்கம் கீழ இருக்கிற மாதிரி கவுத்து வைங்க. பால் பீச்சி அடிக்கும், கண்ணுல பட்டுடப் போகுது, முகத்தைத் தள்ளி வச்சுக்கங்க. வடிஞ்சு முடிஞ்சப்புறம் தண்ணியில கழுவி, நெழல்ல ஆற வச்சுத் துடைச்சுட்டுத்தான் வைக்கோல்ல அடுக்கணும். ஈரத்தோட அடுக்கினா காம்போரம் கருத்து அழுகிடும்.

முத்தின காயான்னு பார்க்கத் தோள் பக்கத்தைப் பாருங்க. காம்பு குழிக்குள்ள இறங்கி, ரெண்டு பக்கமும் தோள் மேல எழும்பி இருந்தா முத்திடுச்சு. சந்தேகமா இருந்தா ஒரு அண்டாத் தண்ணியில போடுங்க. முத்தினது அமுங்கும், இளங்காய் மிதக்கும். மிதக்கிறதைப் பழுக்க வச்சா தோல் சுருங்கும், புளிக்கும், வாசமே வராது. அதை ஊறுகாய்க்கு ஒதுக்கிடுங்க.

வைக்கோல் மேல ஒரே வரிசையா அடுக்குங்க, ஒண்ணு மேல ஒண்ணு ஏத்த வேண்டாம். சீக்கிரம் பழுக்கணும்னா நடுவுல ஒரு பழுத்த பழத்தை வைங்க. அதுல இருந்து வர்ற எத்திலீன் மத்ததையும் பழுக்க வைக்கும். காயா இருக்கும்போது ஃபிரிட்ஜ்ல வச்சுடாதீங்க. 12, 13 டிகிரிக்குக் கீழ போனா தோல் கருத்து, எத்தனை நாள் வச்சாலும் சரியாப் பழுக்காது. பழுத்தப்புறம் வச்சுக்கலாம்.

உங்களுக்குச் சொந்தத் தோப்பு, கவலை இல்லை. வெளிய வாங்குறவங்க யாராவது படிச்சா, கார்பைடு கல்லு வச்சுப் பழுக்க வைக்கிறது சட்டப்படி தடை. 2011ல வந்த உணவுப் பாதுகாப்பு விதியிலயே இருக்கு. அந்தக் கல்லுல ஈரம் பட்டா அசிட்டிலீன் கேஸ் வரும், அதோட ஆர்சனிக், பாஸ்பரஸ் விஷமும் கலந்து வரும். எத்திலீன் கேஸ் 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்குக்கு 100 பங்கு) வரைக்கும் அனுமதி உண்டு, அது பழமே விடுற கேஸ்தான். கல்லு வச்ச பழம் சுத்திலும் ஒரே மஞ்சளா மினுங்கும், மோந்தா ஒண்ணும் வராது, வெட்டினா கொட்டைகிட்ட வெள்ளையா வெறைச்சு இருக்கும். நம்ம மாவட்டத்துப் பழத்துக்கு வெளியூர்ல எவ்வளவு மதிப்பு இருக்கு. வெளைஞ்சது விக்கறதுக்குள்ள அவசரப்பட்டு இப்படிக் கெடுக்கிறாங்களேன்னு எனக்கு வயிறு எரியுதுங்க.

எதை முதல்ல சாப்பிடணும்னா, செந்தூரா. அது பழுத்தா நிக்காது, ரெண்டே நாள்ல கொழகொழன்னு போயிடும். அப்புறம் பங்கனபள்ளி. ஜூன்ல மல்கோவா, நார் இல்லாம வெண்ணெய் மாதிரி இருக்கும், அதை மாமாவுக்கு முன்னாடி வச்சுட்டு நீங்க மட்டும் சாப்பிடுறது பாவம்ங்க. கடைசியில நீலம், ஜூலை வரைக்கும் வரும். மழை தட்டினா நீலத்துல பழ ஈ குத்தி முட்டை வச்சுடும். ஊசி குத்தின மாதிரி சின்னப் புள்ளி, அதைச் சுத்தி அமுக்கினா மெத்துன்னு இருக்கும், அந்தப் பழத்தைத் தூக்கிப் போட்டுடுங்க. கொட்டைக்குள்ள இருக்கிற கருப்பு வண்டு வேற. பிஞ்சா இருக்கும்போதே தாய் வண்டு முட்டை வச்சுடும், ஓட்டை ஆறி மூடிக்கும், வெளிய ஒண்ணுமே தெரியாது. அதுல சதை நல்லாத்தான் இருக்கும். அதனாலதான் நீலத்தைச் சப்பாம வெட்டிப் பார்த்துச் சாப்பிடுங்கன்னு சொல்றது.

பெங்களூராவை ஆலைக்கு மட்டும்னு ஒதுக்காதீங்க. செங்காயா இருக்கும்போது வெட்டினா மொறுமொறுன்னு இருக்கும், இனிப்பு கம்மி. அக்கா, சர்க்கரை உள்ளவங்க அதைச் சாப்பிடலாமா?

காரிமங்கலம் அக்கா எழுதியது:

சாப்பிடலாம் தம்பி. செங்காயில மாவு இன்னும் முழுசாச் சர்க்கரையா மாறியிருக்காது, வைட்டமின் சியும் பழத்தைவிடக் கூட இருக்கும். ஆனா அதையும் அளவாத்தான் சாப்பிடணும். மாமாவுக்குப் பிரஷர் இருக்கு, உப்பும் மிளகாய்ப்பொடியும் கொட்டிப் பெரட்டிக் கொடுத்துடாதீங்க. கொஞ்சம் மிளகுத்தூள் போதும்.

வேப்பனப்பள்ளி வீடு எழுதியது:

மீதியை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சமையல்கட்டுக்காரி, அதைச் சொல்கிறேன்.

உங்கள் நாத்தனாருக்கு முதலில் கீரை மாங்காய்க் கடைசல் செய்து கொடுங்கள். நர்ஸ் அக்கா சொன்ன இரும்புச்சத்துக் கணக்கு அப்படியே அந்தச் சட்டியில் இருக்கிறது. பண்ணைக்கீரையோ தண்டுக்கீரையோ இரண்டு கட்டு, ஒரு பிடி துவரம்பருப்பு, ஏழெட்டுப் பல் பூண்டு, சின்ன வெங்காயம், காரத்துக்கு ஏற்பப் பச்சை மிளகாய். பருப்பு முக்கால் வேக்காடு வந்த பிறகு கீரையைப் போடுங்கள். புளிப்பான மாங்காயைத் தோல் சீவி, விரல் மொத்தத்துக்கு நறுக்கி வைத்துக்கொண்டு, கீரை வெந்து இறக்கப் போகும் நேரத்தில் போட்டு மூடிவிடுங்கள். அந்தச் சூட்டிலேயே வெந்துவிடும். முதலிலேயே போட்டுக் கொதிக்கவிட்டால் வைட்டமின் சி பாதி போய்விடும், மாங்காயும் கரைந்து காணாமல் போகும். தண்ணீரை வடித்துத் தனியே வைத்துக்கொண்டு மத்தால் கடையுங்கள். மிக்ஸியில் அடித்தால் பசை போல ஆகிவிடும். கடைசலில் ஆங்காங்கே மாங்காய்த் துண்டு பல்லில் தட்டுப்பட வேண்டும். பிறகு வடித்த தண்ணீரை வேண்டிய அளவு ஊற்றி, கடுகு, சீரகம், கிள்ளிய வரமிளகாய் தாளித்துக் கொட்டுங்கள். களிக்கு இதைவிடத் தோதான தொட்டுக்கொள்ளும் பொருள் எனக்குத் தெரியாது. மாமாவும் களியைக் குறைத்து, கடைசலைக் கூட்டிச் சாப்பிடட்டும்.

பழம் மிகவும் கனிந்துவிட்டால் மோர்க்குழம்பு. நீலம் இதற்கு நன்றாக இருக்கும். தோல் உரித்து, சதையைக் கொட்டையோடு மஞ்சள் தூள், உப்பு, சிறிது தண்ணீர் விட்டு வேகவையுங்கள். தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் அரைத்து ஊற்றுங்கள். கொதி வந்ததும் தீயைக் குறைத்து, கடைந்த புளித்த தயிரை விட்டு, ஓரத்தில் நுரை கட்டும்போது இறக்கிவிட வேண்டும், பொங்கவிட்டால் திரிந்துவிடும். வெந்தயம், கறிவேப்பிலை, வரமிளகாய் தாளிப்பு. பழத்தின் இனிப்பே போதும், வெல்லம் போடாதீர்கள்.

மிதந்த காய், காற்றில் விழுந்த காய் எல்லாவற்றையும் வற்றலாக்கிவிடுங்கள். கொட்டையோடு நீளவாக்கில் அரிந்து, கல்லுப்பில் பிசறி இரவு மூடி வைத்து, மறுநாள் மொட்டை மாடியில் வெள்ளை வேட்டி விரித்துக் காய வையுங்கள். சாயங்காலம் எடுத்து அந்த உப்புத் தண்ணீரிலேயே மறுபடி போடுங்கள். தண்ணீர் முழுவதும் இழுத்துக்கொள்ளும் வரை இப்படியே. சலசலவென்று சத்தம் வரும்படி காய்ந்துவிட்டால் அடுத்த சீசன் வரை கெடாது. ஐப்பசி மழையில் புளிக்குழம்பில் நாலு துண்டு போட்டுப் பாருங்கள், மொச்சையும் கத்தரிக்காயும் சேர்த்து. இதில் உப்பு அதிகம், மாமாவுக்குப் போடும்போது கழுவிவிட்டுப் போடுங்கள், குழம்பில் தனியாக உப்பு வேண்டாம்.

எங்கள் வீட்டில் தெலுங்குப் பேச்சு, அதனால் தாண்ட்ராவும் போடுவோம். நார் உள்ள பழத்தைப் பிழிந்து வடிகட்டி, எண்ணெய் தடவிய தட்டில் மெல்லிசாக ஊற்றி வெயிலில் வைப்பது. ஒரு படலம் காய்ந்ததும் அதன் மேல் அடுத்தது. பையனுக்குக் கடையில் வாங்கும் மிட்டாய்க்குப் பதிலாக ஒரு துண்டு கொடுக்கலாம். ஆனால் தண்ணீர் எல்லாம் போய்ச் சர்க்கரை மட்டும் கெட்டிப்பட்டு நிற்கும் பொருள் அது. மாமா கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

இத்தனைக்கும் மேல் பழம் இருந்தால் சதையை வழித்து, டம்ளர் அளவாகப் பிரித்து ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளலாம். கொட்டைகளைக் குப்பையில் போடாமல் மண்ணில் புதைத்து வையுங்கள். முளைத்த செடியைச் சந்தூர் அண்ணனிடம் கொடுத்தால் ஒட்டுக் கட்டித் தருவார்.

ஜெகதேவி மருமகள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மாத்திரை அட்டையைப் பார்த்தேன், அக்கா சொன்ன கிளிமிபிரைடுதான். மாமாவை உட்கார வைத்து, சாப்பாட்டை விட்டால் என்ன ஆகும் என்று சொன்னேன். சத்தமே போடாமல் கேட்டுக்கொண்டார். தோப்புக்குப் போகும்போது இனி மதியச் சாப்பாடு தூக்கில் கட்டிக் கொடுக்கிறோம், சட்டைப் பையில் இரண்டு பொட்டலம் குளுக்கோஸும்.

அத்தைதான் குத்தினார். பங்கனபள்ளி ஒரு கதுப்பு, வேகவைத்த கடலை. முன்னால் 122, இரண்டு மணி நேரம் கழித்து 158. அத்தை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். பிறகு அவரே அடுக்களையிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தை எடுத்துக் கழுவி, "இது உங்க கிண்ணம், இதுக்கு மேல கேட்கக்கூடாது" என்று மாமாவிடம் கொடுத்தார். பையனுக்குத் தோல் சீவிக் கொடுக்க ஆரம்பித்த பிறகு வாயோரத் தடிப்பு காய்ந்து வருகிறது. நாத்தனாரின் குளுக்கோஸ் டெஸ்ட் 118.

மல்கோவா இப்போதுதான் நிறம் திரும்புகிறது. அதற்கும் இதே ஒரு கதுப்புதானா அக்கா?

காரிமங்கலம் அக்கா எழுதியது:

158 நல்ல ரீடிங் தங்கச்சி, மனசு நிறைஞ்சு போச்சு. அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க.

மல்கோவாவுக்குக் கதுப்புக் கணக்கு ஒத்து வராது. ஒரு பழமே அரைக்கிலோவைத் தாண்டும், ஒரு கதுப்புலயே 150 கிராம் சதை இருக்கும். சமையலறைத் தராசு இருந்தா 100 கிராம் நிறுத்து அத்தை கொடுத்த கிண்ணத்துல போட்டு, எது வரைக்கும் வருதுன்னு பார்த்து வச்சுக்கங்க. அப்புறம் எந்த ரகம் வந்தாலும் அந்த அளவுதான். முதல் நாள் மட்டும் மறுபடி குத்திப் பாருங்க, ரகம் மாறினா இனிப்பும் மாறும். மூணு மாசச் சராசரியை ஆகஸ்ட் கடைசியில ஒரு தடவை எடுத்துடுங்க, சீசன் முழுக்க எப்படிப் போச்சுன்னு அதுல தெரிஞ்சுடும். அப்பவே கிரியேட்டினினும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்க.